வாத்தியாருக்கு வாத்தியார்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வது கஷ்டம். அதைவிடக் கஷ்டம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. இந்த இரண்டாவது விஷயம் உறைக்க ஓர் உலகப்போரே தேவைப்பட்டது. காமர்ஸ் படிக்கிறவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சரக்கு தொழிற்சாலை வாசலைத் தாண்டுவதற்குள் உடைந்துகொண்டே இருந்தால் ஏன் என்று பார்ப்பது எங்கள் பாடம்தானே!

1916, பிரான்ஸ் போர்முனை. பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர் படைக்குப் புதிதாக வரும் பைலட்டுகளில் பலர் மொத்தமே 20 மணி நேரம்கூடப் பறந்ததில்லை. ஜூலையில் 60ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் கொல்லப்பட, அந்த இடத்துக்கு வந்தவர் ராபர்ட் ஸ்மித்-பேரி. வயது 30. 1914 ஆகஸ்டில், போர் தொடங்கிய சூட்டிலேயே, விமானம் விழுந்து இரண்டு காலும் உடைந்தவர். நொண்டி நடந்தபடியே மறுபடி பறக்க வந்தார். வந்து சேர்ந்த பையன்கள் சில நாட்களிலேயே செத்துப்போவதைப் பார்த்தார். தலைமையகத்துக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். அவர் குறை சொன்னது பையன்களை அல்ல, ஊரில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை.

அந்த வாத்தியார்கள் யார்? போர்முனையில் நரம்பு தளர்ந்து 'ஓய்வுக்கு' அனுப்பப்பட்டவர்கள் ஒரு பக்கம். நேற்றுத்தான் தாங்களே கற்று முடித்தவர்கள் இன்னொரு பக்கம். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆரம்பகால பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தில் மாணவன் வாத்தியாரின் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஸ்டிக்கைத் தொட்டுப் பார்ப்பான். பாடம் அவ்வளவுதான். பிறகு வந்த விமானங்களிலும் இன்ஜின் சத்தத்தில் வாத்தியார் கத்துவது காதில் விழாது.

மாணவர்களுக்கு வாத்தியார்கள் வைத்த பட்டப்பெயர் 'ஹன்'. எதிரியான ஜெர்மானியரைத் திட்டும் சொல் அது. ஜெர்மானியரைவிட நம் விமானங்களை அதிகமாக உடைப்பது இவர்கள்தான் என்பது ஜோக். எனக்கு இந்த ஜோக்கில் சிரிப்பைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. மாணவனைப் பார்த்துப் பயப்படும் வாத்தியார் ஸ்டிக்கை அவன் கையில் விடுவாரா? செங்குத்தாகத் திரும்பாதே, பக்கக்காற்றில் இறங்காதே, ஸ்பின் பக்கமே போகாதே என்று 'கூடாது'களே பாடமாகிவிட்டன. ஒருமுறை தனியாகப் பறந்துவிட்டால் அதோடு சரி, வாத்தியார் கூட வருவதும் அநேகமாக நின்றுவிடும்.

ஸ்பின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வேகம் மிகக் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்போது, விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, பம்பரம்போல் சுழன்றபடி விழும். மூக்கைத் தூக்கத்தான் கை துடிக்கும். அதுதான் ஆபத்து. 1912 ஆகஸ்டில் வில்ஃப்ரெட் பார்க் என்ற பைலட் தரையை நெருங்கும் கடைசி நொடிகளில் ரடரைச் சுழலுக்கு எதிர்ப்பக்கம் மிதித்துப் பிழைத்தார். எதிர் ரடர், ஸ்டிக் முன்னால் என்று வழி தெரிந்த பிறகும் சாதாரண மாணவனுக்கு அது போய்ச் சேர வருடங்கள் ஆயின. தெரிந்த மருந்தை அலமாரியில் பூட்டி வைத்த கதை!

1916 டிசம்பரில் படைத்தலைவர் ட்ரென்சார்ட், ஸ்மித்-பேரியை இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கோஸ்போர்ட்டுக்கு ஒரு பயிற்சிப் படைப்பிரிவை நடத்த அனுப்பினார். குறை சொன்னாயே, நீயே செய்து காட்டு என்கிற மாதிரி.

அவர் முதலில் மாற்றியது உட்காரும் இடத்தை. மாணவன் முதல் நாளிலிருந்தே பைலட் இருக்கையில். பயணி இருக்கைக்குப் போனவர் வாத்தியார். ஆவ்ரோ 504 விமானத்தில் இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள். இருவர் ஹெல்மெட்டையும் இணைத்து ஒரு பேச்சுக்குழாய். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரியான எளிய சாமான்தான். ஆனால் தவறு நடக்கும் அதே நொடியில், அது ஏன் நடக்கிறது என்று சொல்ல முடிந்தது. 'கூடாது' என்றிருந்த எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்ய வைத்தார். ஸ்பின்னில் விழு, நீயே வெளியே வா. தனியாகப் பறக்க ஆரம்பித்த பிறகும் இடையிடையே வாத்தியார் கூட ஏறினார்.

இதில் உண்மையான பரீட்சை வாத்தியாருக்குத்தான். மாணவன் தவறு செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அவனே சரிசெய்யட்டும் என்று. ஆனால் எவ்வளவு நேரம்? ஒரு நொடி முன்னால் பிடுங்கினால் அவன் எதுவும் கற்கவில்லை. ஒரு நொடி தாமதித்தால் இருவரும் இல்லை. அந்த எல்லை தெரிய, வாத்தியாருக்குத் தன் விமானத்தின் மேல் முழு நம்பிக்கை வேண்டும். எந்த நிலையிலிருந்தும் மீட்க முடியும் என்று தெரிந்தவர்தான் பொறுமையாக இருப்பார். பதறிப்போய்ப் பிடுங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் திறமையில் சந்தேகம் உள்ளவர்கள் என்று நினைக்கிறேன். (கார் ஓட்டக் கற்றவர்கள் பக்கத்து சீட்டை நினைத்துக்கொள்ளவும்!)

ஆகவே ஸ்மித்-பேரி மாணவர்களை விட்டுவிட்டு வாத்தியார்களையே பிடித்தார். 1917 ஆகஸ்டில் கோஸ்போர்ட் 'ஸ்கூல் ஆஃப் ஸ்பெஷல் ஃப்ளையிங்' ஆனது. மற்றப் பள்ளிகளின் பயிற்றுநர்கள் இங்கே வந்து, மறுபடி மாணவர்களாகி, தாங்களே தவிர்த்து வந்த ஸ்பின்னில் முதலில் விழுந்து எழுந்தார்கள். ஒரு பைலட்டைத் திருத்தினால் ஒருவர்தான் திருந்துவார். ஒரு வாத்தியாரைத் திருத்தினால்? கூட்டுவட்டிக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 1918க்குள் பிரிட்டனின் பல பகுதிகளில் பயிற்றுநர்களுக்கென்றே பள்ளிகள் வந்தன. கனடாவுக்கும் இந்த முறை போனது.

1920இல் அப்பேவனின் மத்திய பறக்கும் பள்ளி மறுபடி திறக்கப்பட்டபோது அதன் வேலையே பயிற்றுநர்களை உருவாக்குவது என்றானது. இரண்டாம் உலகப்போரின் டைகர் மாத் பயிற்சி விமானங்களிலும் அதே பேச்சுக்குழாய் இருந்தது. அதன் பெயர் 'கோஸ்போர்ட் குழாய்'. ஸ்மித்-பேரியின் பெயர் அதில் இல்லை, ஊர்ப்பெயர்தான்.