காளவாயில் வாங்கிய கடன்

தண்ணீர் பட்டதும் கொதிக்கும் கற்சுண்ணாம்பைப் பார்த்தால், நெருப்பே இல்லாமல் எண்ணெய்ப் பாறையை (oil shale) எண்ணெய் பிரிக்க இந்தச் சூட்டில் வேகவைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சூடு காளவாயில் கடன் வாங்கியது என்பதற்குத் தூத்துக்குடிக் கரை சாட்சி. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பெயர்த்துவந்து சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். சுடுவதற்கு 178 பங்கு வெப்பம் செலவானால், நீற்றும்போது திரும்புவது சுமார் 65 பங்குதான். பவளம் எதற்கு, உள்நாட்டில் சுண்ணாம்புக்கல் கொட்டிக் கிடக்கிறதே என்பார்கள். சரிதான், கல் மாறும், எரிபொருள் கணக்கு மாறாது. வேண்டிய இடத்துக்குச் சூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். பவளத்தின் கதைக்கு வந்தால், 2001-இல் அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பவளப்பாறைகளைப் பெயர்த்ததும் ஒரு காரணமாக, வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில்.