நம்ம வக்கீல் யாரு?

மேலவளவுப் போராளிகள் நினைவுச் சொற்பொழிவு, கொடைரோடு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வன்கொடுமை வழக்குக்காக ஓர் அம்மாவோடு நீதிமன்றம் போயிருந்தேன். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் மல்லிகையை விடியும் முன்பே பறிக்கிற வேலை அவருக்கு. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். எதிர்த்தரப்பில் நான்கு வக்கீல்கள் நின்றார்கள். அவர் என் கையைப் பிடித்து, “நம்ம வக்கீல் யாரு தம்பி?” என்று கேட்டார். மேசையருகே கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவரைக் காட்டி, “அவர்தாம்மா, அரசு வக்கீல்” என்றேன். “அவரு ஒரு நாளுகூட எங்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேக்கலையே” என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் வரலாற்றில் தேடிப் பார்க்கிறேன்.

நீதிமன்றத்தோடு நமக்குள்ள உறவு விருப்பப்பட்டு வந்ததல்ல. 1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் எடுத்த பிறகு, அண்ணல் அம்பேத்கர் மீதும் அவருடைய தோழர்கள் மீதும் சாதி இந்துக்கள்தான் உரிமையியல் வழக்குப் போட்டார்கள். குளம் தங்களுக்கே சொந்தம் என்பது அவர்கள் வாதம். பாரிஸ்டரான அம்பேத்கரே பிரதிவாதி. பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச்சில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லப் பத்தாண்டுகள் ஆயின. தலைவரே வழக்கறிஞராக இருந்தும் அந்தப் பாடு. எழுத்தறியாத கூலிக்காரருக்கு என்ன பாடு என்று யோசியுங்கள்.

அதுவாவது உரிமையியல் வழக்கு. அதில் யார் வேண்டுமானாலும் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம். குற்ற வழக்கு அப்படியல்ல. கொலை நடந்தால் வழக்கு நடத்துவது அரசு. செத்தவரின் குடும்பம் வெறும் சாட்சி. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பாதிக்கப்பட்டவர் தனியாக வக்கீல் வைத்தாலும் அவர் அரசு வழக்கறிஞரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும் என்றது. சுதந்திர இந்தியாவின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் 301ஆம் பிரிவில் அதையே வைத்துக்கொண்டது. சாட்சிய விசாரணை முடிந்ததும், நீதிமன்றம் அனுமதித்தால், எழுத்துப்பூர்வ வாதம் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு. குற்றம் தனிமனிதருக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கே எதிரானது. ஆகவே சமூகத்தின் சார்பில் அரசு நிற்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் அந்தச் ‘சமூகம்’ யார்? சமூகவியல் வகுப்பில் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. நீதிமன்ற வராந்தா கேட்க வைத்தது.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளரை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. அந்த வழக்கில் அரசுக்கு வக்கீல் இருந்தார், நிலக்கிழாருக்கும் வக்கீல் இருந்தார். எரிந்துபோன குடிசைகளின் சொந்தக்காரர்கள் தங்களுக்கென்று ஒருவரை அரசுத் தரப்பில் நிறுத்தச் சட்டத்தில் இடமே இல்லை.

அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில். 1989இல் நிறைவேறி 1990 ஜனவரி 30இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அதன் 15ஆம் பிரிவு, தனி நீதிமன்றத்தில் வழக்கு நடத்தச் சிறப்பு அரசு வழக்கறிஞர் வேண்டும் என்றது. அவருக்கு ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் இருக்க வேண்டும் என்றது. 1995ஆம் ஆண்டு விதிகளில் 4ஆம் விதியின் 5ஆம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ தேவையென்று கருதினால், அல்லது பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால், பெயர்பெற்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தலாம். தகுந்த கட்டணத்தையும் நிர்ணயிக்கலாம்.

‘பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால்’ என்பதைக் கவனியுங்கள். 1898இலிருந்து சாட்சிக் கூண்டில் மட்டுமே நிறுத்தி வைக்கப்பட்டவருக்கு, அரசின் வக்கீல் யார் என்று சொல்லும் வாய் கிடைத்தது. அதிலும் ஒரு குறை உண்டு. ‘அமர்த்தலாம்’ என்றுதான் விதி சொல்கிறது, ‘அமர்த்த வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு எழுத்து இடைவெளியில்தான் நம் மனுக்கள் மாதக் கணக்கில் தூங்குகின்றன.

இன்று நாம் நினைவுகூரும் மேலவளவு, இந்தச் சட்டம் வந்த பிறகு நடந்தது. தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட மேலவளவின் தலைவராக 1996இல் முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிய அவரையும் உடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். உள்ளூரில் விசாரணை நடந்தால் சாட்சிகள் வாய் திறக்க முடியாது என்ற நிலையில் வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001 ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அதை உயர்நீதிமன்றம் 2006இலும் உச்சநீதிமன்றம் 2009இலும் உறுதிசெய்தன.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் குடும்பங்களின் பக்கம் விடாமல் நின்ற வழக்கறிஞர்களில் முதன்மையானவர் மதுரை பொ. இரத்தினம். அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் மேலவளவு இன்னொரு வெண்மணியாகியிருக்கும். ஆனால் ஒரு சமூகத்தின் நீதி ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தை மட்டும் நம்பி நிற்கலாமா? அன்று விடுவிக்கப்பட்டவர்கள் மீது மேல்முறையீடு செய்யும் உரிமை அரசிடம்தான் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது 2009இன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால்தான் கிடைத்தது. தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். தீர்ப்போடு வழக்கு முடிவதில்லை என்பதை மேலவளவு நமக்கு இரண்டாவது முறையும் சொல்லிக் கொடுத்தது.

அடுத்த பாடம் கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட அந்தப் பொறியியல் பட்டதாரியின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். அங்கே நீதி கிடைக்காது என்று கோகுல்ராஜின் தாயார் உயர்நீதிமன்றம் போனார். 2019இல் வழக்கு மதுரைத் தனி நீதிமன்றத்துக்கு மாறியது. அவர் கேட்டபடி மூத்த வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். பிறழ்ந்த சாட்சியத்துக்கு மாற்றாகக் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் வழக்கைத் தாங்கின. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அவர்களில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது, இருவரின் தண்டனையைக் குறைத்தது.

ஒரு தாய் இரண்டு கேள்விகள் கேட்டார்: எந்த நீதிமன்றம், எந்த வக்கீல்? வழக்கின் திசை மாறியது. வக்கீல் மாறியதால் மட்டுமே வென்றது என்று நான் சொல்லவில்லை. புலனாய்வும் உயர்நீதிமன்றக் கண்காணிப்பும் சேர்ந்தே வென்றன. ஆனால் சேகரித்த ஆதாரத்தை நீதிபதியின் முன் கோத்து வைக்கிற கை வக்கீலின் கைதான்.

“நாமே ஒரு வக்கீலை வைத்து அரசு வக்கீலுக்கு உதவச் செய்தால் போதாதா?” என்று தோழர்கள் கேட்பதுண்டு. வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அவர் உதவியாளர்தான். பாதிக்கப்பட்டவரின் வக்கீல் வாய்மொழி வாதம் செய்யவோ சாட்சிகளை விசாரிக்கவோ முடியாது என்று 2019 நவம்பரில் ரேகா முரார்கா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 4(5) விதியின்படி அமர்த்தப்படுபவர் உதவியாளர் அல்ல. அவரே அரசுத் தரப்பு. கட்டணமும் நம் தாலியை அடகு வைத்துக் கொடுப்பதல்ல, அரசு கொடுப்பது. அதே நேரம் அவர் நம் பழியைத் தீர்க்க வந்தவரும் அல்ல. நீதிமன்றத்தின் முன் உண்மைக்குக் கட்டுப்பட்டவர். அப்படிப்பட்டவரைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கொடைரோட்டில் நின்று பேசுவதால் நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004இல் வருமுன், இந்த ஊர்க்காரர்கள் ஒரு மனுவுக்காக இரவு ரயிலேறிச் சென்னை போனார்கள். இன்று பஸ் பிடித்தால் மதுரை. தூரம் குறைந்துவிட்டது, கேட்கிற பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

எப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலை வாங்குங்கள். குற்றப்பத்திரிகை வரும்வரை காத்திராமல், வக்கீலின் பெயரையும் அவர் ஏன் வேண்டும் என்பதையும் எழுதி, 4(5) விதியைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் மனுக் கொடுங்கள். அந்த வக்கீலின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அந்த மனு என்ன ஆனது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த ரசீதோடு உயர்நீதிமன்றம் போங்கள். 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு இன்னொன்றும் தந்திருக்கிறது: ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை என எந்தக் கட்டத்திலும் உங்கள் குரலைக் கேட்க வேண்டும். ஜாமீன் மனு வருவதை உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகு அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். வழக்கு பாதியைத் தாண்டியிருந்தது. சொன்னதைக் கேட்டுவிட்டு, “இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?” என்றார். அந்தக் குற்றம் என்னுடையது. படித்தவன் நான், விதிப் புத்தகம் கடையில் கிடைத்தது, நான் வாங்கிப் படிக்கவில்லை.

முருகேசன் கடைசியாகப் போய்விட்டு வந்த இடமும் ஆட்சியர் அலுவலகம்தான். நம் மனுவும் அங்கேதான் போக வேண்டும். அடுத்த முறை ஒரு தாய் “நம்ம வக்கீல் யாரு?” என்று கேட்கும்போது, “நீங்க கேட்டு வாங்கினவர்தாம்மா” என்று சொல்லும் நிலைமைக்கு நாம் வர வேண்டும்.

ஜெய்பீம்.