இரண்டு அங்குலம் பிறந்த கதை

1841, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பொழுது விடியுமுன் லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டலை நோக்கி ஒரு சரக்கு ரயில் கிளம்பியது. சரக்கோடு சரக்காக மனிதர்களும் இருந்தார்கள். லண்டனில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கல் செதுக்கிய தொழிலாளர்கள் பண்டிகைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கையில் மூன்றாம் வகுப்பு டிக்கெட். அந்த வகுப்புக்குக் கூரை கிடையாது, குட்டையான தடுப்புகள் மட்டும்தான். பெட்டிகளை இஞ்சினுக்கும் கனத்த சரக்கு வேகன்களுக்கும் நடுவில் கோத்திருந்தார்கள். ரெடிங் நகருக்கு அருகே, மழையில் ஊறிய மண்மேடு சரிந்து தண்டவாளத்தின் மேல் கிடந்தது. இருட்டில் அது யார் கண்ணிலும் படவில்லை.

இஞ்சின் மண்ணில் புதைந்து நின்றது. பின்னால் வந்த வேகன்கள் நிற்கவில்லை. 9 பேர் செத்துப்போனார்கள். கல் செதுக்கியவர்களின் சாவு அதே நாடாளுமன்றத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. 1844-இல் பிரிட்டிஷ் அமைச்சர் கிளாட்ஸ்டன் முன்னின்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். தினமும் ஒரு ரயிலாவது ஏழைகளுக்கு ஓட வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக் கூடாது. இருக்கை வேண்டும், மழைக்கு மறைப்பும் வேண்டும். கம்பெனிகள் முணுமுணுத்துக்கொண்டே பணிந்தன. வசதியைக் கூட்டினால் இரண்டாம் வகுப்புக்காரர்களும் மலிவான பெட்டிக்கு மாறிவிடுவார்களே என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயமே இல்லாத ஒரு கம்பெனி வந்தால்?

வந்தது. 1875 புத்தாண்டு அன்று மிட்லண்ட் ரயில்வே இரண்டாம் வகுப்பையே ஒழித்துவிட்டு, மூன்றாம் வகுப்பை அதன் தரத்துக்கு உயர்த்தியது. வெறும் பலகையில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு மெத்தை இருக்கை கிடைத்தது. போட்டிக் கம்பெனிகள் கொதித்தன, கொதித்தபடியே பின்தொடர்ந்தன. ஆனால் அந்த மெத்தை கடல் தாண்டி இந்தியாவுக்கு வர இன்னும் நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே 1853-இல் ரயில் வந்தபோதே வகுப்புகளும் கூடவே வந்தன. பயணிகளில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பு. பயணிகள் வருமானத்தில் பெரும்பகுதியும் அவர்கள் கொடுத்ததுதான். அவர்களுக்குக் கிடைத்ததோ மரப்பலகை. 1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு அந்தப் பலகையில் பயணம் செய்த காந்தி, 22 பேருக்கான பெட்டியில் 35 பேர் வரை அடைந்து கிடந்ததை எழுதினார். முதல் வகுப்புக் கட்டணம் ஐந்து மடங்குக்கும் மேல். வசதி ஐந்து மடங்குதானா என்று கணக்குக் கேட்டார். வெள்ளைக்காரன் போனால் விடை கிடைக்கும் என்று நம்பியவர்கள் பலர்.

போனான். பலகை போகவில்லை. 1974-இல் மூன்றாம் வகுப்பு ஒருவழியாக ஒழிக்கப்பட்டது, பெயரளவில். பெட்டியில் இரண்டாம் வகுப்பு என்று எழுதினார்கள். உள்ளே அதே மரம். அடுத்த ஆண்டு நெருக்கடி நிலை. பெங்களூர் சிறையில் அடைக்கப்பட்டவர்களில் மது தண்டவதே என்ற சோஷலிஸ்டும் ஒருவர். பம்பாய்க் கல்லூரியொன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கும் ரயில் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. சிறையிலிருந்தவர் ரயில்வே அமைச்சரானார். முதல் வகுப்பைக் கீழே இறக்குவதல்ல, இரண்டாம் வகுப்பை மேலே ஏற்றுவதே தன் வேலை என்றார். அந்த டிசம்பரிலேயே பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதில் முதல் வகுப்பே இல்லை. எல்லோரும் ஒரே வகுப்பு. நாடு முழுக்க இனி இப்படித்தானோ என்ற பேச்சு எழுந்தது.

அது நடக்கவில்லை. 1979-இல் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. கீதாஞ்சலியிலும் பிற்பாடு குளுகுளு வகுப்புகள் ஏறிக்கொண்டன. ஆனால் அமைச்சரின் இன்னொரு உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லை. இரவு முழுக்க முதுகைப் பதம்பார்த்த பலகைகளின் மேல் இரண்டு அங்குல ஃபோம் போடச் சொல்லியிருந்தார். முக்கிய ரயில்களில் தொடங்கி, 1980-களின் முடிவுக்குள் எல்லா ரயில்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

ஸ்லீப்பர் பெட்டியில் ரெக்சின் உறை போட்ட அந்த பெர்த், வகுப்பை ஒழிக்கக் கிளம்பிய அரசியலின் மிச்சம். வகுப்பு ஒழியவில்லை. அடித்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் நடுவே இருந்த தூரத்தில் இரண்டு அங்குலம் குறைந்தது; குறைந்தது குறைந்ததுதான்.