கோட்டை மிதித்த கால்

பத்தாம் வகுப்பில், ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூட ஆட்டம். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எனக்குக் கடைசி ஃப்ரீ த்ரோ. பந்து வலைக்குள் விழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன். நடுவர் விசில் ஊதினார்: புள்ளி இல்லை, பந்து எதிரணிக்கு. பந்து வளையத்தைத் தொடுமுன்பே என் கால் கோட்டை மிதித்துவிட்டதாம். தோற்றோம்.

காரில் அம்மா கேட்டார்: "பந்து விழுந்ததுதானே? பிறகேன் இல்லையெண்டவர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் தேடிப் படித்தேன்.

கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், எங்கள் ஒன்ராறியோவில் ஆல்மொன்ட் அருகே பிறந்தவர். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் எழுதிய 13 விதிகளில் ஃப்ரீ த்ரோவே இல்லை. ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் மற்ற அணிக்கு ஒரு கோல், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் ஃப்ரீ த்ரோ வந்தது. கோடு 15 அடியில் நிலைத்தது. 1920கள் வரை, யாருக்கு ஃபவுல் நடந்தாலும் அணியின் கெட்டிக்காரர் ஒருவரே எறியலாம். பிறகுதான் ஃபவுலுக்கு ஆளானவரே எறிய வேண்டும் என்றானது.

1950களில் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வில்ட் சேம்பர்லின் வந்தார். ஏழடிக்கும் மேல் உயரம். கோட்டுக்குப் பின்னாலிருந்து பாய்ந்துபோய்ப் பந்தைக் கூடைக்குள் திணிக்கக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர். எறிபவர் கோட்டைத் தாண்டக்கூடாது என்று கல்லூரி விதி இறுகியது அந்தக் காலத்தில்தான். என் காலைப் பிடித்த விதிக்குப் பின்னால் இப்படி ஒரு ராட்சதர்!

இப்போது நடுவர் என்ன பார்க்கிறார்? ஃபிபா விதிப்படி எறிபவருக்கு 5 விநாடி. அவர் பிழைவிட்டால், பந்து விழுந்தாலும் புள்ளி இல்லை. பக்கத்தில் நிற்பவர் முந்தி உள்ளே ஓடினால் கதை வேறு. பந்து விழுந்தால் புள்ளி உண்டு, ஓடியதை விட்டுவிடுவார்கள். விழாவிட்டால் யார் ஓடியது என்று பார்ப்பார்கள். எதிரணிக்காரர் என்றால் மறுபடி எறியலாம். சொந்த அணிக்காரர் என்றால் பந்து எதிரணிக்கு. பிழைவிட்டவருக்கு அதனால் லாபம் வரக்கூடாது, இதுதான் கணக்கு.

என்பிஏயில் 10 விநாடி. 2021 பிளேஆஃபில் யானிஸ் அடெட்டோகும்போ நேரம் எடுத்து எறிவார் என்று எதிரணி ரசிகர்கள் சத்தமாக எண்ணினார்கள். நடுவர்களும் சில தடவை விசில் ஊதினார்கள். ஆனால் கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில் அவர் 19 ஃப்ரீ த்ரோவில் 17ஐப் போட்டார். மொத்தம் 50 புள்ளி.

ஆட்டத்தில் யாரும் உங்களை மறிக்காத ஒரே இடம் அந்தக் கோடு. அந்தச் சலுகைக்கு நாங்கள் கொடுக்கும் விலைதான் காலும் நேரமும்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப அந்த மனுசன் சரியாத்தான் செய்திருக்கிறார்," என்றார்.

ஓம், சரியாத்தான். இப்போது நான் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நின்றுதான் எறிகிறேன்.