ஒற்று என்ற சொல்லும் கோவூர் கிழாரும்

போரூரிலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில், பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே, கோவூர் என்றோர் ஊர் உண்டு. அவ்வழியே செல்லும்போதெல்லாம் எனக்குக் கோவூர் கிழாரின் நினைவு வரும். அவரது கோவூர் இதுதான் என்று பெயரை மட்டும் வைத்து வாதிட நான் துணியேன். ஆனால் ஒற்று என்ற சொல்லைப் பற்றி யோசிக்க அவரே நல்ல துணை.

ஒற்றுதல் என்றால் நெருங்கிப் பொருந்துதல். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், ஒற்றடம் கொடுக்கிறோம். பிறர் அறியாமல் அருகே ஒட்டி நின்று செய்தி அறிபவனும் ஒற்றன். தொல்காப்பியப் புறத்திணையியலில் ஒற்றையடுத்து வேய் வருகிறது. ஒற்றினால் கிடைத்த செய்தி அது. இன்றைய வேவு அதற்கு உறவு. துப்பு குறளில் வலிமையும் உணவுமாக இருந்தது. துப்பறியும் நாவல்கள் பெருகிய காலத்தில் தடயமாகிவிட்டது!

வள்ளுவரின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். துறவி வேடத்தில் ஒற்றன் செல்லலாம் என்கிறார் அவர். துறவிக்கு எல்லா வாயிலும் திறக்கும். புலவனுக்கும் அப்படித்தானே? அதியமான் தூதாக விட்ட ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலையே காட்டினான். தூதுக்கும் ஒற்றுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது.

அந்தக் கோட்டில்தான் இளந்தத்தன் சிக்கினான். சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்திருந்த காலம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இப்புலவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் பாடி அவனை மீட்டார். புறநானூற்றின் 47ஆம் பாடல் அது. நெடுங்கிள்ளியின் ஐயத்தை முற்றிலும் மடமை என்று என்னால் தள்ள முடியவில்லை. முற்றுகையைக் கண்ட அரசன் அவன். ஆனால் ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியைக்கூட இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கிறது குறள். இங்கோ ஐயம் ஒன்றே தீர்ப்பாக இருந்தது.

வியப்பு என்னவென்றால், ஒற்று என்ற சொல் பாடலுக்குள் எங்குமே இல்லை. கீழேயுள்ள பழங்குறிப்பில்தான் இருக்கிறது. இவன் ஒற்றனல்லன் என்று புலவர் மறுக்கவே இல்லை. பறவைபோல் நெடுவழி கடந்து, பாடிப் பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு, சேர்த்துவைக்காமல் கொடுத்துவிடும் வாழ்வு பிறர்க்குத் தீங்கு நினைக்குமோ என்று கேட்கிறார். பிறகு, மண்ணாளும் உங்களுக்குள்ள தலைநிமிர்வு எங்களுக்கும் உண்டு என்கிறார், வாளை உருவிய அரசனின் முகத்துக்கு நேரே. குறிப்பை மறைத்துக்கொண்டு படித்தால், அங்கே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது என்பதே நமக்குத் தெரியாது.