மாணவர் விடுதி அறையும் சார்லோத் பெரியானின் அலமாரியும்

பாரிஸ் நகரின் தென் எல்லையில் பழைய கோட்டை மதிலை இடித்துவிட்டு, அந்த நிலத்தில் மாணவர்களுக்கென்று ஒரு குடியிருப்புப் பகுதியை உருவாக்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அந்நகரில் மாணவர்களுக்குத் தங்க நல்ல இடம் கிடைக்கவில்லை. காற்றும் வெளிச்சமும் உள்ள அறையைக் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும், பல நாட்டு இளைஞர்களை ஒரே வளாகத்தில் பழகவிட வேண்டும் என்பன இத்திட்டத்தின் நோக்கங்கள். முதல் இல்லம் 1925-இல் திறக்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு நாடும் தன் பெயரில் ஓர் இல்லம் கட்டிக்கொண்டது. இன்று அங்கே ஏறத்தாழ நாற்பது இல்லங்கள் உள்ளன. இந்திய இல்லமும் அவற்றுள் ஒன்று. சர்வதேசப் பல்கலைக்கழக நகர் என்பது வளாகத்தின் பெயர்.

கட்டடக்கலை மாணவர்கள் இந்த வளாகத்தைக் கட்டடங்களுக்காகப் படிப்பார்கள். இக்கட்டுரை கட்டடத்தைப் பற்றியதன்று. அறைக்குள்ளே என்ன இருந்தது, ஒரு மாணவன் தன் புத்தகத்தையும் சட்டையையும் சோப்பையும் எங்கே வைத்தான் என்பதைப் பற்றியது. அதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் சார்லோத் பெரியான் (1903–1999).

பெரியான் பாரிஸில் பிறந்தவர். அறைகலன் வடிவமைப்பில் பயிற்சி பெற்றவர். 1927-இல், 24 வயதில், கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயின் அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனார். தலையணைக்குப் பூவேலை செய்ய இங்கே ஆள் தேவையில்லை என்ற பொருளில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார் லெ கொர்புசியே. அதே ஆண்டு ஒரு கண்காட்சியில் பெரியான் உலோகத்தாலும் கண்ணாடியாலும் அமைத்திருந்த சிறு அறையைப் பார்த்தபின் அவரே அழைத்து வேலை கொடுத்தார். பத்தாண்டுகள் பெரியான் அங்கே இருந்தார். அந்த அலுவலகத்தில் இருந்து வந்த பல அறைகலன்கள் நெடுங்காலம் லெ கொர்புசியே பெயரிலேயே பேசப்பட்டன. பெரியானின் பங்கு பரவலாகத் தெரிய வெகு காலம் ஆயிற்று.

1933-இல் திறக்கப்பட்ட சுவிட்சர்லாந்து இல்லம் அந்த அலுவலகத்தின் படைப்பு. தூண்களின் மேல் நிற்கும் நீள்பெட்டி போன்ற கட்டடம். அறைகள் ஏறக்குறைய ஒரே அளவு; எல்லாம் தெற்கு நோக்கியவை. மாணவர் விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் குளியலுக்கான ஷவர் வைத்தது அக்காலத்தில் பெரிய வசதி. அறைகலன்கள் பெரியானின் பொறுப்பு. கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி அவ்வளவுதான். ஆனால் எது எங்கே என்பது கட்டடத்தோடு சேர்த்தே யோசிக்கப்பட்டது. குறையும் இருந்தது. தென்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் வெயில் நேரே உள்ளே விழுந்து அறை சூடேறியது. பின்னாளில் திரைத்தட்டிகள் பொருத்த வேண்டியிருந்தது.

ஜப்பானில் கற்றது

1940-இல் ஜப்பானிய அரசின் வர்த்தகத் துறை, கைத்தொழில் பொருள்களின் வடிவமைப்புக்கு ஆலோசகராகப் பெரியானை அழைத்தது. அங்கே கியோத்தோவின் பழைய மாளிகைகளைப் பார்த்தார். அவற்றில் சுவரோரமாக ஒன்றுக்கொன்று மட்டம் தப்பி அமைந்த தட்டுகள் அவர் மனத்தில் நின்றன. தரையில் பாய், சுவரில் நகரும் கதவு, பொருள்கள் கதவுக்குப் பின்னால், நடுவில் வெறும் இடம். இரவில் படுக்கையை விரிப்பார்கள், காலையில் சுருட்டி வைப்பார்கள். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. கட்டிலும் பீரோவும் அறையை அடைத்து நிற்பதையே கண்டு வளர்ந்த ஐரோப்பியருக்கு இது பெரிய பாடம். போர் மூண்டதால் அவர் நாடு திரும்ப முடியாமல் இந்தோசீனாவில் தங்கி, 1946-இல்தான் பிரான்சுக்கு வந்தார்.

1950-இல் வாழிடக் கலை பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை அழுத்திச் சொன்னார். வீட்டுக்கு வேண்டிய அறைகலன்களில் முதலிடம் பொருள் வைக்கும் இடத்துக்கே. அது ஒழுங்காக அமையாவிட்டால் வீட்டில் வெற்றிடம் என்பதே இருக்காது. வெற்றிடம் இல்லாத அறையில் நடமாடவும் முடியாது, யோசிக்கவும் முடியாது என்பது அவர் எண்ணம். இந்த எண்ணத்தைச் செயலில் காட்ட 1952-இல் வாய்ப்பு வந்தது: அதே பாரிஸ் வளாகத்தில் துனீசிய இல்லத்துக்கும் மெக்சிகோ இல்லத்துக்கும் அறைகலன் செய்யும் பணி.

'ப' வடிவத் தகடு

இந்த அலமாரிகளை நான்சி நகருக்கு அருகில் இருந்த ழான் புரூவேயின் உலோகப் பட்டறை செய்தது. புரூவே தகட்டை மடிப்பதில் வல்லவர். மெல்லிய தகடு தட்டையாக இருந்தால் வளையும்; மடித்துவிட்டால் சுமை தாங்கும். ஒரு காகிதத்தை மடித்து நிறுத்திப் பார்க்கும் மாணவனுக்கே இது விளங்கும்.

அமைப்பு இதுதான். நீளமான மரப்பலகை ஒன்று. அதன் மேல், நம் 'ப' எழுத்தைப் போல மடித்த தகட்டுத் துண்டுகள் ஆங்காங்கே. அவற்றின் மேல் இன்னொரு பலகை. மீண்டும் தகடு, மீண்டும் பலகை. தகட்டுத் துண்டு மேல்பலகையைத் தாங்குகிறது. அதே சமயம் பக்கத்தில் அடுக்கிய புத்தகங்கள் சரியாமல் அணையும் கொடுக்கிறது. துண்டுகளை நெருக்கியும் அகற்றியும் வைத்தால் பெரிய அகராதிக்கு ஓர் இடம், சிறு குறிப்பேட்டுக்கு ஓர் இடம் கிடைக்கும். தகடுகளுக்கு வெவ்வேறு வண்ணம் பூசினார்கள். வண்ணத் தேர்வில் ஓவியர் சோனியா தெலோனேயும் துணை நின்றார். சில பகுதிகளுக்கு அலுமினிய நகரும் கதவு உண்டு. கீல் வைத்த கதவைத் திறக்க அதற்கு முன்னால் இடம் விட வேண்டும். சிறிய அறையில் அந்த இடத்தில்தான் நாற்காலி இருக்கும்.

துனீசிய இல்லத்துக்கு 40, மெக்சிகோ இல்லத்துக்கு 77 அலமாரிகள் செய்யப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல. துனீசிய அறையில் அலமாரி சுவரை ஒட்டி நின்றது. மெக்சிகோ அறையில் அதைக் குறுக்காக நிறுத்தி, கைகழுவும் பகுதியைப் படிக்கும் பகுதியிலிருந்து பிரித்தார். இருபுறமும் பயன்படும் அலமாரியே தடுப்புச் சுவரானது. தனிச் சுவர் எழுப்பும் செலவும் அது தின்னும் இடமும் மிச்சம். என் பார்வையில் இவ்விரண்டில் மெக்சிகோ அலமாரியே உயர்ந்த யோசனை.

இதை எழுதும்போது நான் கல்லூரியில் படித்த காலத்து விடுதி அறை நினைவுக்கு வருகிறது. மூன்று பேருக்கு ஒரு சுவர் அலமாரி. கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை துணி காயும் கொடி. ஈர வேட்டிக்குக் கீழே குனிந்துதான் மேசைக்குப் போவோம். இடம் போதவில்லை என்றே நாங்கள் நினைத்தோம். கட்டிலுக்கு மேலே சுவர் முழுதும் காலியாகக் கிடந்தது எங்கள் கண்ணில் படவில்லை.

பின்வரலாறு

1959-இல் திறக்கப்பட்ட பிரேசில் இல்லத்திலும் பெரியானின் பங்கு உண்டு. காலப்போக்கில் இல்லங்கள் புதுப்பிக்கப்பட்டபோது பழைய அலமாரிகள் பல வெளியேறின. மாணவர்களுக்காகச் சிக்கனமாகச் செய்யப்பட்ட அவை இன்று ஏல நிலையங்களில் லட்சக்கணக்கான யூரோவுக்கு விலைபோகின்றன. வாங்குவோர் அவற்றில் புத்தகமா வைக்கப் போகிறார்கள்!

இதே கதை இந்தியாவிலும் நடந்தது. லெ கொர்புசியேயின் உறவினரும், பெரியானோடு அதே அலுவலகத்தில் உழைத்தவருமான பியர் ஜானரே 1951 முதல் 1965 வரை சண்டிகரில் பணியாற்றினார். அரசு அலுவலகங்களுக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் காலத்தில் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி, மேசைகள் செய்யப்பட்டன. உள்ளூர்த் தச்சர்கள் செய்தவை அவை. பிரம்பு அறுந்ததும் மொட்டை மாடியிலும் கிடங்கிலும் குவித்து, பழைய சாமான் என்று ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் சீர்செய்து பெரும் விலைக்கு விற்றபிறகே அவற்றின் மதிப்பு இங்கே தெரிந்தது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகரின் பாரம்பரிய அறைகலன்களை விற்கவும் ஏலம் விடவும் தடை விதித்தது. அதற்குள் ஏராளமானவை கடல் கடந்துவிட்டன.

பாரிஸில் சுவிட்சர்லாந்து இல்லம் இன்றும் மாணவர் விடுதியாகவே இயங்குகிறது. ஓர் அறையை மட்டும் பழைய நிலையில் வைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். மற்ற அறைகளில் மாணவர்கள் குடியிருக்கிறார்கள்.