நிறம் போச்சு, உப்பு போகலை

வெளியூரில் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையில் இருப்பவனைப் பார்த்தால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "திருப்பூர் சாயத்தண்ணியில இருந்து அந்தக் கலரை எடுக்கவே முடியாதாங்க?" முடியும். அதற்கான வேதியியல் நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். பிரச்சினையே வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயசுப் பையன், மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செய்யப் போய், தற்செயலாக ஒரு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் ஆரம்பம். சரியாக நூறு வருஷம் கழித்து, 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' சாயங்களைக் கொண்டுவந்தது. பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும் 'ரியாக்டிவ்' சாயங்கள். எத்தனை துவைத்தாலும் லேசில் போகாது. பனியன் துணிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் இதில் இரண்டு சிக்கல். போட்ட சாயம் மொத்தமும் துணியில் ஏறாது, ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அடுத்தது, சாயத்தைத் துணிப் பக்கம் தள்ள உப்பு கொட்ட வேண்டும். லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரை! இந்த உப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதுதான் வில்லன்.

இனி நிறத்தை அழிக்கிற கதை. 1876-ல் கேம்பிரிட்ஜ் மாணவர் ஹென்றி ஃபென்டன், டார்டாரிக் அமிலத்தோடு (நம்ம புளியில் இருக்கிற அதே அமிலம்தான்) இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து, பிறகு காரம் விட்டபோது அழகான ஊதா நிறம் வந்ததைப் பார்த்தார். 1894-ல் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு 1934-ல் ஹேபரும் வைஸும் ஒரு விளக்கம் தந்தார்கள். அன்னபேதியில் இருக்கும் இரும்பு, பெராக்சைடை உடைத்து 'ஹைட்ராக்சில் ராடிகல்' என்ற முரட்டுத் துகளை உண்டாக்குகிறது. அது எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் கடித்துக் குதறும். சாய மூலக்கூறுக்கு நிறம் தரும் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பையும் விடாது. பிணைப்பு உடைந்தால் நிறம் காலி. ஒரு நிறத்தைக் காட்டி அறிமுகமான வினை, பின்னாளில் நிறத்தைத் துடைக்கும் வேலைக்கு வந்தது வேடிக்கைதான்.

செலவு இல்லாமல் இல்லை. தண்ணீரின் பி.எச். மூன்று பக்கம் இருக்க வேண்டும், அதற்கு அமிலம். பிறகு அதைச் சமன்செய்யச் சுண்ணாம்பு. மிச்சம் நிற்பது இரும்புக் கசடு. குளோரின் மலிவு, ஆனால் கெட்ட குளோரின் சேர்மங்களை விட்டுவிட்டுப் போகும். ஓசோனில் கசடு வராது, கரண்ட் பில் வரும்.

இப்போது திருப்பூர். 1990களின் கடைசியில் அங்கே பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பு, அன்னபேதி, குளோரின் என்று போட்டு நிறத்தைக் குறைக்க முடிந்தது. ஆனால் எந்த ஆக்சிஜனேற்றமும் உப்பை அழிக்காது. சோடியமும் குளோரைடும் உடைந்து காணாமல் போகிற பொருள் இல்லை. கலர் குறைந்த தண்ணீர், உப்புத் தண்ணீராகவே நொய்யலில் இறங்கியது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியானது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகளே "திறக்காதீங்க" என்று போராடினார்கள். உப்பு ஏறிய கிணற்றில் தென்னைக்குக் கூடப் பாய்ச்ச முடியாதே!

ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போயும் அது மாறவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூடியது பட்டறை மட்டுமா? எத்தனையோ தொழிலாளிகளின் வாரக்கூலியும் சேர்ந்து நின்றது. இந்தப் பக்கம் கூலி, அந்தப் பக்கம் கிணறு.

பிறகு வழி பிறந்தது ஆர்.ஓ. சவ்விலும் ஆவியாக்கும் கலன்களிலும்தான். தண்ணீரும் ஓரளவு உப்பும் மறுபடி பட்டறைக்கே போகும். இந்த ஏற்பாட்டில் ஓசோன் மாதிரி ஆக்சிஜனேற்றத்துக்கு ஒரு துணை வேடம் உண்டு: சவ்வு அடைத்துக்கொள்ளாமல் சாய மிச்சத்தைக் குறைத்துக் கொடுப்பது. கதாநாயகன் அது இல்லை. இதற்கும் பிறகு எதற்கும் உதவாத கலப்பு உப்பு மிஞ்சும், அதை வைக்க இடம் தேட வேண்டும்.

நிறம் கண்ணுக்குத் தெரிந்ததால் எல்லோரும் அதைத் துரத்தினோம். உப்பு தெரியவில்லை, நிலத்தைக் கெடுத்தது அதுதான். இனி எந்த ஊர் ஆலைக்காரராவது கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரைத் தூக்கிக் காட்டினால், "டி.டி.எஸ். எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். வெளியே விடும் தண்ணீருக்கு நம்ம மாநில வாரியம் வைத்த வரம்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். டம்ளரைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மீட்டரைப் போட்டுத்தான் பார்க்கணும்.